சட்டமன்றத்திலிருந்து வார்டுக்கு

வேட்பாளர் பட்டியலை டி.வி.யில் வாசித்த அன்று காலையில் எங்கள் வீட்டில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். ஐந்து வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்தவள் நான். இந்தத் தடவையும் எனக்குத்தான் சீட்டு என்று நம்பிக்கொண்டிருந்தோம். எங்கள் தொகுதிக்கு வேறொருவர் பெயரை வாசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்கள். மத்தியானத்துக்குள் வாசலில் என் செருப்பும் என் கணவர் செருப்பும்தான் கிடந்தன.

சில மாதங்களில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கடலோரத்தில் இருக்கும் எங்கள் பேரூராட்சியில் தலைவர் பதவி பெண்களுக்கு என்றார்கள். கட்சிக்காரர் ஒருவர் வந்து என்னை ஒரு வார்டில் நிற்கச் சொன்னார். உடனே சரி என்றுவிட்டேன். பதவி ஆசை என்று என் கணவர் சொன்னார். அது முழுப் பொய்யில்லை.

"சட்டசபைல ஒக்காந்துட்டு வார்டுல நிக்கப்போறியா? எனக்கே பேஜாரா கீது."

"வூட்ல சும்மா ஒக்காந்துகினு இன்னா பண்றது?"

"அப்ப நீ நில்லு. நான் பொண்ணாண்ட போறேன்."

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு பையோடு படூருக்கு பஸ் ஏறிவிட்டார். மகளுக்கு அங்கே அடுக்குமாடியில் வீடு. எங்களுக்குள் பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. அவர் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

ஜெயித்தேன். தலைவராகவும் ஆனேன். அன்று போட்ட சால்வைகளை வீட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நின்றது நினைவிருக்கிறது.

கடலை ஒட்டிய ஒரு தெருவில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்தான் வரும். எம்.எல்.ஏ.வாக இருந்தபோது அதைப் பற்றிச் சபையில் கேள்வி கேட்டேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்தத் தெருவுக்குள் நான் போனதே இல்லை. கார் முனையோடு திரும்பிவிடும். தலைவரான பிறகு நடந்து போனேன். மீன் விற்கும் பெண் ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிச்சிப் பாரும்மா."

ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"இத்ததான் நாங்க குடிக்கிறோம். எம்மெல்லேவா இருக்கசொல்ல ஒருவாட்டியாவது இங்க வந்தியா?"

"வரல," என்றேன்.

கடலை விட்டுத் தள்ளி ஒரு கிணறு தோண்டி, அங்கிருந்து குழாய் போட அனுமதி வேண்டும். அதற்காகச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். முன்பு நான் உள்ளே நுழைந்ததும் நாற்காலி இழுத்துப் போட்ட அதிகாரி, "இன்னா விஷயமா வந்தீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் வந்த காலையில் அந்தப் பெண் ஒரு கை அள்ளிக் குடித்தாள். "பரவால்லம்மா," என்றாள். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள். குடங்களை நிரப்பிக்கொண்டு மற்றவர்களும் போனார்கள். நான் ஓரமாக நின்று என் கணவருக்கு போன் செய்தேன்.

"தண்ணி வந்துடுச்சிங்க."

"எந்தத் தண்ணி?"

முதலிலிருந்து சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் பேரப்பிள்ளையின் குரல் கேட்டது.

"ஞாயித்துக்கெழம இங்க வாயேன்," என்றார். அவராகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"வர்றேன்," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு தெருவில் குழாய் உடைந்துவிட்டது. ஆட்கள் பள்ளம் தோண்டி அடைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். வர முடியாது என்று மகளிடம்தான் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.