தோல் ஷாப்புக்குப் பின்னால் சிலம்பம்

லாங் பஜாரில் இன்று ஆவாரம்பட்டை வாசனை வந்ததும், ஆம்பூரில் இப்போது இல்லாமலே போய்விட்ட, ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் பின்பக்கத்து வெட்டவெளி கண்முன் வந்தது. அங்கேதான் நானும் என் வயதுக் கரீமும், கம்பு நுனியில் துணி சுற்றி, தலைக்குக் குறிவைப்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் சிலம்பம் பழகினோம். தோளில் லேசாகப் பட்டாலும், "ஜாஸ்தியா பட்டுச்சாடா?" என்று ஓடிவந்து தேய்த்துவிடுவான்.

பச்சைத்தோல் உதறும் வேலைக்குப் போன கொஞ்ச நாளில், அவன் கழுத்தில் கறுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பியது. பச்சைத்தோலிலிருந்து தொற்றும் அடைப்பான் நோய் என்றார்கள். ஜுரத்தில் படுத்துக்கொண்டே, "நாளைக்கு வர்றேன். வேற யாரோடயும் ஆடாத" என்றான். மறுநாள் அவனை அடக்கம் செய்தார்கள்.

பிறகு மற்ற பையன்கள் என்னைச் சிலம்பம் ஆடக் கூப்பிட்டார்கள். போனேன். அவர்கள் அடித்தபோது, தடுக்கத் தோன்றாமல் நின்றேன்.