அம்மா படுக்காத மெத்தை

"படுத்துப் பாருங்க ஐயா, வெக்கப்படாதீங்க" என்றார் மாத்தளை மெத்தைக் கடைக்காரர். படுத்தேன். என் தொந்தி மட்டும் தனி மலையாக எழுந்து நின்றது. இலவம்பஞ்சு வாசம் மூக்கில் ஏறியதும், எழுபதுகளின் ரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் ஒற்றை அறைக்குப் போய்விட்டேன்.

அங்கே எங்களுக்கு ஒரே மெத்தை; அம்மா இலவங்காய் பொறுக்கித் தைத்தது. காசநோய் வந்ததும் அவள் ஈரத்தரையில் சாக்கு விரித்துக்கொண்டாள்.

"மெத்தையில படு புள்ள" என்றார் அப்பா.

"அதுல செத்தா எரிச்சிருவீங்க. புள்ளைங்க எதுல படுக்கும்?"

சாக்கில்தான் செத்தாள். சாக்கைத்தான் எரித்தார்கள். தோட்டத்துக்கு மேலே நின்ற ரிவர்ஸ்டன் மலையின் குளிருக்கு அந்த மெத்தை இதமாக இருந்தது. நான் குறட்டை விட்டுத் தூங்கினேன்.

"சுகமா இருக்கா ஐயா?"

"சுகமாத்தான் இருக்கு தம்பி" என்று எழுந்தேன். "அதுதான் தொல்லை."