அமாவாசைச் சோறும் புறாக்குஞ்சும்

நான் ஓய்வு பெற்றபின் வந்த முதல் தை அமாவாசை. செங்கல்பட்டு வீட்டு மொட்டைமாடியில் அப்பாவுக்குச் சோறு வைத்து, முறைப்படி "கா, கா" என்று அழைத்தேன். காக்கை தொட்ட பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு.

இரண்டு வந்தன. சோற்றைச் சீண்டவில்லை. எதிர்வீட்டு சன்ஷேடில் குஞ்சோடு இருந்த புறாவிடம் போயின. ஒன்று அதன் வாலைப் பிடித்து இழுத்தது. புறா திரும்பிச் சிறகால் அடித்த நொடியில் மற்றது குஞ்சைத் தூக்கிக்கொண்டது. நான் கத்தியதை இரண்டுமே பொருட்படுத்தவில்லை. அலுவலகத்தில் எத்தனையோ கூட்டம் நடத்தியும் அப்படியொரு ஒத்துழைப்பை நான் கண்டதில்லை.

கீழிருந்து மனைவி கேட்டாள்: "இன்னாங்க, காக்கா சாப்ட்டுச்சா? பசி உயிர் போவுது."

"சாப்ட்டுச்சு, இலையைப் போடு."

பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் அப்பா என்று கும்பிட்டுக் கூப்பிட்ட பறவையை அன்றுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். இப்போதும் அழைக்கிறேன், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.