ஒரு பெண்ணை அனுப்பும் என்று கேட்டேன்

1999 மே மாதம் 12ஆம் தேதி, புதன்கிழமை, மாலை நாலு மணி நாற்பது நிமிடம். கத்திரி வெயில். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அதன் காற்று என் பெஞ்சு வரைக்கும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் என் மகள் ஜெயசீலிக்கு முதல் குழந்தை இறந்து பிறந்தது.

நேரத்தில் எனக்குத் தவறு வராது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றவன் நான்.

ஆஸ்பத்திரி மேல் எனக்குப் புகார் இல்லை. கழுத்தில் கொடி மூன்று சுற்று சுற்றியிருந்ததாம். மனிதர் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். நம்பினேன். என் மனைவி 1994இலேயே காலமாகிவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தாய் இல்லாத தாய்வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஜெயசீலி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாள். "உள்ள எனக்குன்னு ஒரு ஆள் இல்லப்பா."

"ஒன்பது மணி இருபத்தஞ்சு நிமிஷம் வெளியிலயே உக்காந்திருந்தேம்மா. தண்ணிகூட குடிக்கல."

"தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சிஸ்டர்கிட்ட ஏன் இவ்ளோ நேரம், ஏன் இவ்ளோ நேரம்னு கேட்டீங்களே. எல்லாம் உள்ள கேட்டுச்சு. நீங்க கேக்கக் கேக்க எனக்குப் பயம் ஜாஸ்தியாச்சு."

நான் கேட்டது இருபத்திரண்டு தடவை. அதையும் எண்ணி வைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஜூன் மாதம் அவள் ராணிப்பேட்டைக்குக் கணவன் வீட்டுக்குப் போனாள். இருபத்தொரு மாதம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

2001 மார்ச்சில் மருமகன் தேவதாஸ் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுபடியும் கர்ப்பம், நாலாவது மாதம். இந்தத் தடவை கட்டாயம் ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இவளோ எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்கிறாள். "உள்ள ஒரு ஆள் என் பக்கத்துல இருக்கணும். இல்லன்னா வீட்டிலயே பெத்துக்கிறேன். உயிர் போறதுன்னா ரெண்டு பேரும் போறோம்." சாதாரணக் குரலில் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தேவதாஸ் நல்ல பிள்ளை, ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் விழுந்துவிடுவார். இரண்டு முறை நானே தூக்கி உட்கார வைத்திருக்கிறேன்.

ஏழு பெண்களின் பெயரை எழுதி வைத்தேன். நாட்றம்பள்ளியில் இருக்கும் என் அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சம்பந்தியம்மாவுக்கு இழுப்பு. மற்ற ஐந்து பேருக்கும் ஐந்து காரணம். ஏழு பெயரையும் அடித்துவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை முதல் நாற்பது நாள் காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்றேன். ஒரே ஜெபம். "கர்த்தாவே, ஒரு பெண்ணை அனுப்பும்." வயது நாற்பதுக்கு மேல், பிரசவம் பார்த்த அனுபவம், பக்கத்திலேயே வீடு என்று விவரமும் சொன்னேன். நாற்பது நாளும் முடிந்தது. யாரும் வரவில்லை. கர்த்தரிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஒரு அறிவிப்பு வாசித்தார்கள். பாலாற்றங்கரையில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணோடு கூடவே இருப்பதற்குப் பயிற்சி தருகிறார்கள். ஆறு சனிக்கிழமை. பயிற்சி எடுத்தவர் ஒருவரை உள்ளே விடுவார்கள். இதோ பதில் வந்துவிட்டது, அங்கே போய் ஒரு பெண்ணைப் பிடித்துவிடலாம் என்று ஜூன் 2ஆம் தேதி பஸ் ஏறினேன்.

பயிற்சி கொடுத்தவர் லில்லி சிஸ்டர், ஓய்வு பெற்ற நர்ஸ். நான் வந்த காரியத்தைப் பொறுமையாகக் கேட்டார். "வலி எந்த நேரத்துல வரும்னு யாருக்குத் தெரியும்? அந்த நேரத்துக்கு இவங்கள்ல யார் வருவாங்கன்னு நான் எப்படி எழுதித் தர முடியும்? நீங்களே உக்காருங்க ஐயா. அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கு."

நான் ஆம்பிளை என்றேன். அது தெரிகிறது என்றார். பயிற்சிக்கு வந்திருந்த பதினோரு பெண்களும் சிரித்தார்கள். பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்ததால் உட்கார்ந்தேன்.

இந்த வேலைக்கு வெளிநாட்டில் டூலா என்று பெயராம். மருந்து கொடுப்பதில்லை, பரிசோதனை செய்வதில்லை. கூட இருப்பது, அவ்வளவுதான். அதற்கு ஆறு வாரமா என்று எனக்கு எரிச்சல். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. டீயில் சர்க்கரை கம்மி. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

மூன்றாவது வாரம் லில்லி சிஸ்டர் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்து பேசினில் கொட்டினார். இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் ஐஸுக்குள் கையை வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவர் துணை இருக்க வேண்டும். என் ஜோடி ஷமீம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, மூன்று பிள்ளைக்காரி. அவள் கையை வைத்தாள். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு பத்து, பதினைந்து, இருபது என்று எண்ணினேன். அவளுக்குத் தைரியம் சொல்வதாகத்தான் நினைப்பு.

முப்பத்தைந்தில் கையை எடுத்துவிட்டாள். "இன்னா சார் இது, ஒரே பேஜாரா கீது. நீங்க எண்றத கேட்டா கை ஜாஸ்தி எரியுது. வாய மூடிக்கினு பக்கத்துல குந்துங்க, பாக்கலாம்."

என்னை அப்படி யாரும் பேசினதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை நெடுநேரம் வைத்திருந்தாள். எவ்வளவு என்று எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. "பாத்தீங்களா," என்றாள். "நீங்க எண்றது உங்களுக்கு சார். எனக்கு இல்ல."

அன்று வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். என் மனைவியின் கடைசி நாற்பத்தாறு நாளுக்கான நோட்டுகள் உள்ளே இருக்கின்றன. நாலு நோட்டு. மணிக்கு ஒரு தடவை காய்ச்சல், மாத்திரை, குடித்த கஞ்சி எத்தனை டம்ளர், எல்லாம் என் கையெழுத்தில். நாலையும் படித்தேன். அவள் பேசின வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகமும் இல்லை. பயந்து போயிருந்தேன், அதனால் எண்ணிக்கொண்டிருந்தேன். என் அறுபத்திரண்டாவது வயதில் அன்றைக்குத்தான் என்னைப் பற்றி இது எனக்குத் தெரிந்தது.

ஜூலை 7ஆம் தேதி பயிற்சி முடிந்தது. கூட வருகிறேன் என்று ஷமீம் வாக்குக் கொடுத்தாள். ஜெயசீலிக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. நாற்பது நாள் ஜெபத்துக்குப் பதில் ஷமீம்தான் என்று போதகரிடம்கூட சொல்லிவிட்டேன். நானும் பயிற்சி எடுத்தது தெரிந்ததும் ஜெயசீலி, "அப்பா உள்ள வந்தா வெக்கத்துலயே செத்துடுவேன்," என்றாள். அது நியாயம்தான். ஆனாலும் லில்லி சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை, காலை ஆறு ஐந்துக்கு வலி எடுத்தது. மழை வருவதுபோல மேகம், வரவில்லை. வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தோம். ஷமீம் வரவில்லை. அவளுடைய சின்னப் பிள்ளைக்கு வாந்தி பேதி, ஆம்பூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது என்று கம்பெனி போனிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள். பயிற்சி எடுத்த மற்றப் பெண்களில் ஒருவரும் அன்று கிடைக்கவில்லை. லில்லி சிஸ்டர் எல்லார் வீட்டுக்கும் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டார். ஆள் குறைவு, அவரும் அன்று நர்ஸுக்கு உதவியாக நிற்க வேண்டியிருந்தது.

ஜெயசீலி பிரசவ அறை வாசலில் நின்றுவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போக மாட்டேன் என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்றாள். தேவதாஸ் கெஞ்சினார். வலி வந்தது, போயிற்று. அவள் கை நிலையை விடவில்லை.

லில்லி சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார். "ஒரு ஆளுதானே கேட்ட? இருக்காரு. உன் நெஞ்சுக்குக் கீழ திரை போட்டுடறேன். அப்பா தலைமாட்டுல சுவரப் பாத்து உக்காருவாரு. திரும்பவே மாட்டாரு. கைய மட்டும் பின்னால குடுப்பாரு."

ஜெயசீலி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "எண்ணுவீங்களாப்பா?"

"மாட்டேம்மா."

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், ஒரு ஆணி, ஆணியில் காலண்டர் இல்லை. இடது கையைப் பின்னால் கொடுத்தேன். வாட்சைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று ஆறு வாரமும் சொல்லியிருந்தார்கள். நான் கழற்றவில்லை. கழற்ற மனசு வரவில்லை, அதுதான் உண்மை. ஜெயசீலி பிடித்தது அந்த மணிக்கட்டை. வாட்சோடு சேர்த்துப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. அதனால் உள்ளே போன பிறகு நடந்த எதற்கும் என்னிடம் நேரக் கணக்கு இல்லை.

நடுவில் அறை அமைதியாயிற்று. வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டார். டாக்டர் வந்தார். குழந்தையின் துடிப்பு குறைகிறது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆக்சிஜன் வையுங்கள், பதினைந்து நிமிடம் பார்ப்போம், ஏறவில்லை என்றால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குக் கேட்டது என்றால் அவளுக்கும் கேட்டிருக்கும்.

என் வாழ்க்கையில் ஒரு வாட்ச் அவ்வளவு தேவைப்பட்டதில்லை. சுவரைப் பார்த்தபடியே ஜெபம் செய்தேன். ஐந்து மணி ஜெபத்தில் சொன்ன விவரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "கர்த்தாவே, நான் இங்கே இருக்கிறேன். நீரும் இரும்." அதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

"அப்பா," என்றாள் பின்னாலிருந்து. "எத்தன நிமிஷம் ஆச்சு?"

"தெரியலம்மா. நான் இங்கதான் இருக்கேன்."

"நெசமாவே எண்ணலியா?"

"வாட்ச் உன் கையிலதான் இருக்கு."

அவள் சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, அழுகையோடு, ஆனாலும் சிரித்தாள். கையின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அப்போதும் வாட்சை விடவில்லை. அதற்குப் பிறகு நர்ஸ், "ஏறுது டாக்டர்," என்றார். இன்னும் ஒரு தடவை, "நல்லா ஏறுது," என்றார். பெண் குழந்தை. அழுதது. நான் சுவரைப் பார்த்தே இருந்தேன். திரும்பச் சொன்ன பிறகுதான் திரும்பினேன்.

ஒருக்களித்துப் படுத்ததால் சரியாயிற்று என்று டாக்டர் சொன்னார். அது மருத்துவம், மறுக்க மாட்டேன். அவள் அன்று அந்த அறைக்குள் போனாளே, அதற்கு நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு வள்ளியம்மா ஜாதகத்துக்கு ஆகும் என்று பிறந்த நேரம் கேட்டார். நமக்கு ஜாதகம் கிடையாது, ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. எனக்குத் தெரியவில்லை. டைம் ஆபீஸ்காரருக்கே தெரியலையா என்று தெரு முழுக்கச் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் போட்டிருக்கிறது. இன்றுவரை அதை நான் பார்க்கவில்லை.

நான் ஒரு பெண்ணைக் கேட்டேன். ஏழு பேருக்கும் தோதுப்படவில்லை, எட்டாவதாக ஷமீமும் வர முடியவில்லை. எல்லாப் பெயரையும் அடித்த பிறகு மிச்சம் இருந்தவன் நான். என்னை அந்த அறைக்கு ஏற்றவனாக ஆக்குவதற்கு ஆறு சனிக்கிழமையும் ஒரு பேசின் ஐஸும் தேவைப்பட்டன. கர்த்தர் அனுப்பின பெண்ணை நான் ஜூன் மாதமே சந்தித்துவிட்டேன். அவள் பிரசவம் பார்க்க வரவில்லை, என் வாயை மூட வந்தாள்.

இப்போது 2006. என் பேத்திக்கு ஐந்து வயது. ஜெயசீலி மாதம் இருமுறை வருகிறாள். அந்த ஆஸ்பத்திரியில் ஆண்களை மறுபடி உள்ளே விடவில்லை, அது சரிதான். செவ்வாயும் சனியும் நான் வராந்தா பெஞ்சில், காத்திருக்கும் அப்பாக்களோடும் புருஷன்மார்களோடும் உட்காருகிறேன். யாராவது சிஸ்டரிடம் கேட்க எழுந்தால் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கிறேன். உங்க குரல் உள்ளே கேட்கும் என்று சொல்கிறேன். இதுவரை எத்தனை பேர் என்று யாரும் கேட்க வேண்டாம்.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் ஜெபத்திலும் ஒரு ஆளைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தொடர்ந்து கேளுங்கள், விவரமும் சொல்லுங்கள், அவர் கேட்கிறார். அதற்குள் எங்காவது ஒரு காலி நாற்காலியைக் காட்டி உங்களை உட்காரச் சொன்னால், கால் குட்டையாக இருந்தாலும் உட்காருங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவைத் தேவதாஸ் கட்டிவிட்டார். நான் எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. என் பங்குக்கு, ஆறு சனிக்கிழமை போய்வர பஸ் சார்ஜ் நாற்பத்தெட்டு ரூபாய். கட்டில் கம்பியில் பட்டு வாட்ச் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, மாற்ற இருபத்தைந்து ரூபாய். ஆக மொத்தம் எழுபத்து மூன்று.