மணி அடித்தால் உட்கார வேண்டும்

எங்கள் இல்லத்தில் ஒரு சட்டம் உண்டு. மணி அடித்தால் யார் எங்கே இருந்தாலும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், நான் வந்து எழுப்பும்வரை எழக்கூடாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எங்கள் வாசலை உரசிக்கொண்டு போகின்றன. கேட் திறந்திருந்த கொஞ்ச நேரத்தில் ஓடிப்போன பிள்ளை ஒன்றை லாரி நசுக்கிய பிறகு வந்த சட்டம் இது. ரோட்டிலிருந்து அந்த உடம்பை அள்ளியவள் நான். தாய் தகப்பன் இல்லாத, புத்தி மெதுவாக நடக்கும் பிள்ளைகள். ஒன்றைக் கற்க மாதக்கணக்காகும், கற்றுவிட்டால் செத்தாலும் மறக்கமாட்டார்கள். மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதைத் தட்டித் தட்டியே பழக்கினேன்.

இல்லத்திலிருந்து முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போனவள் அவள். சின்னப் பிள்ளையாக ரயிலடியில் கிடைத்தவள். பாட்டில் மூடிகளைத் தராசில் நிறுத்துப் பையில் கட்டும் வேலை. இடுப்பைத் தொடும் முடி அவளுக்கு. காலையில் சடை கோணினால் வேன் ஏறமாட்டாள், என் உயிரை எடுப்பாள். இவள் நிலைத்தால் இன்னும் சில பிள்ளைகளை எடுப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சடையில்தான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும் தொங்கியது.

கம்பெனியில் சைரன் ஊதுவார்கள். அன்று சைரன் கெட்டுப்போயிருந்தது. டீ நேரம் முடிந்ததும் யாரோ ஒருவன் இரும்புத் துண்டைத் தட்டினான். இவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

டீ நேரத்தைக் குறைத்ததற்காகப் பெண்கள் ஏற்கெனவே பொருமிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. இவள் உட்கார்ந்ததும், ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசரும் அப்படித்தான் நினைத்தான். முதலில் உட்கார்ந்தவளின் முகத்தில் அறைந்தான். எழு என்றான். மணி அடித்தால் எழக்கூடாது என்பதால் அவள் எழவில்லை. சடையைக் கையில் சுற்றிக்கொண்டு சிமென்ட் தரையில் தரதரவென்று இழுத்துப்போனான். இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்தில் வேலை செய்த அத்திப்பட்டுப் பெண். டிபன் பாக்ஸால் அவனை முதல் அடி அடித்ததும் அவள்தான். பிறகு கையில் கிடைத்ததை எடுத்து எல்லோரும் சாத்தியிருக்கிறார்கள்.

நான் போனபோது அவன் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தான். இவள் முழங்கால் தோல் உரிந்து, உச்சந்தலையில் ஒரு பிடி முடி போய், ரத்தம் காதுவரை இறங்கியிருந்தது. அவன் என்னைப் பார்த்து, "பைத்தியத்த வேலைக்கி அனுப்பிட்டு இன்னாம்மா முறைக்கிற?" என்றான். செருப்பைக் கழற்றி அவன் கிழிந்த உதட்டிலேயே போட்டேன். நியாயம் பேசுகிற நிலையில் நான் இல்லை. இன்றைக்கும் அதற்காக எனக்கு வருத்தமில்லை.

இவளும் வேண்டாம், இனி உங்கள் பிள்ளைகளே வேண்டாம் என்று மேனேஜர் எங்களை வெளியே அனுப்பினார். மறுநாள் அந்தப் பெண்கள் யாரும் மெஷினைத் தொடவில்லை. சாயங்காலம் மேனேஜரே போன் செய்தார். சூப்பர்வைசரை வேறு ஷெட்டுக்கு மாற்றிவிட்டதாகவும், இவள் நாளையே வரலாம் என்றும் சொன்னார். வேறு ஷெட் என்றால் அடுத்த கதவு. போனை வைத்தபோதே முடிவு செய்துவிட்டேன், அனுப்பப்போவதில்லை. மற்ற பிள்ளைகளின் வாய்ப்பு போனால் போகட்டும். இன்னொரு உடம்பை என்னால் அள்ள முடியாது.

இனிமேல் வேலை கிடையாது என்று அவளிடம் சொன்னேன். உள்ளே போய், துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"முடிய வெட்டிடுக்கா. நாளிக்கி வேலைக்கி போவணும்."

"மறுபடியும் மணி அடிச்சா உக்காருவியேடி" என்றேன்.

"உக்காருவேன்" என்றாள். "அவனால புடிக்க முடியாது."