வெந்நீர் ஊற்றில் வெந்த மல்லாட்டை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணிக்கொண்டு போகும், முன்னே சொல்ல வேண்டியது பின்னே வரும், சில பெயர்கள் அடியோடு மறந்துவிட்டன. நாலு பேர் எதிரில் வாய் திறந்து சொல்லவும் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்யூருக்குத் தெற்கே எங்கள் வீடு. நிலத்தில் மல்லாட்டை போடுவோம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பாவைக் கூப்பிடுவது நைனா என்று. எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும்போது, லாரியில் சவுக்குக் கழி ஏற்றுகையில் கட்டு அவிழ்ந்து நைனாவின் இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் அவருக்குத் தெரியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தார். அம்மா தட்டை வைப்பாள், வைத்தது வைத்தபடி எடுத்துக்கொண்டு போவாள். கால் போனதைவிட அந்தத் தட்டுதான் அவளுக்குப் பயம்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, லாரி ஓட்டுகிறவர். அவர்தான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். மேற்கே ஒரு மலைக்காட்டுக்குள் வெந்நீர் ஊற்று இருக்கிறதாம். கோயில் கிடையாது, ஒரு படிக்கட்டுகூடக் கிடையாது, பூமியிலிருந்து தானாகவே சூடாகத் தண்ணீர் வருமாம். நோயாளியை அதில் குளிப்பாட்டி, அவர் நிலத்தில் விளைந்ததைத் துணியில் முடிந்து ஊற்றில் விடுவார்களாம். வெந்துவிட்டால் வந்த நோய் போய்விடுமாம்.

"வேவலைன்னா இன்னா பண்ணுவ மச்சான்? என்னையும் துணியில முடிஞ்சி உள்ள வுட்டுட்டு வந்துடுவியா?" என்று நைனா கேட்டார்.

"உன்ன வேவ வெக்கணும்னா அந்த மலையே கொதிக்கணும். பேசாம வா," என்றார் மாமா.

நைனா சிரித்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, சிரிப்பை விட்டுவிட்டு, "வெந்துச்சின்னா சோறு துன்றேன். வேவலைன்னா துன்னு துன்னுன்னு என்னை ரோதனை பண்ணக் கூடாது, இன்னா?" என்றார்.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் லாரியில் கிளம்பினோம். விடியும்போது மலையடிவாரத்தில் இருந்தோம். அதற்கு மேல் வண்டி போகாது. மாமாவும் கிளீனரும் நைனாவைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் ஏறினார்கள். வழி முழுக்கக் காய்ந்த இலை. நைனா மேலே வானத்தைப் பார்த்தபடி, "ஆடாம ஓட்டுடா டிரைவரு," என்று கேலி செய்துகொண்டே வந்தார்.

தளதளவென்று கொதிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஊற்று ஒரு முறம் அகலம்தான். பாறை இடுக்கிலிருந்து வந்து குழியில் தேங்கி நின்றது. மேலே லேசாக ஆவி. அழுகின முட்டை மாதிரி நாற்றம். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. நான் கையை விட்டுப் பார்த்தேன். கைக்குழந்தைக்கு ஊற்றுகிற சூடு, அவ்வளவுதான்.

அம்மா சொம்பில் மொண்டு நைனாவின் கால்களில் ஊற்றினாள்.

"சூடு தெரியுதாயா?"

"தெரியுது. லேசா தெரியுது," என்றார் நைனா. அடுத்த சொம்புக்கு, அது சாய்வதற்கு முன்னாலேயே சொன்னார்.

பிறகு ஆண்கள் அவரைப் பாறைக்கு அந்தப் பக்கம் வெயிலில் உட்காரவைத்தார்கள். அம்மாவும் நானும் மல்லாட்டை முடிப்பை ஊற்றுக்குள் விட்டுக் காத்திருந்தோம். வெயில் உச்சிக்கு வந்தது. அம்மா முடிப்பை எடுத்து ஒன்றை உரித்துக் கடித்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். பச்சையாகவே இருந்தது. அவள் திரும்ப முடிந்தாள், திரும்ப விட்டாள், வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "போயி நல்ல எலையா ஒண்ணு பறிச்சாந்துடு கண்ணு," என்றாள்.

நான் தேக்கிலையோடு வந்தபோது முடிப்பு அவள் மடியில் ஈரமாக இருந்தது. அமுக்கினால் ஓடு நசுங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெந்துட்ச்சி" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

நைனா ஒன்றை உரித்து வாயில் போட்டார். நானும் போட்டேன்.

"நைனா, உப்பு கீது," என்றேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் உப்புப் போடாமல் மல்லாட்டை வேகவைத்ததே கிடையாது. யாருக்குத் தெரியாமல் வேகவைத்தாலும் அந்தக் கை உப்பைப் போட்டுவிடும்.

நைனா மெல்லுவதை நிறுத்தவில்லை. "மலத் தண்ணின்னா அப்டித்தான் இருக்கும். பூமிக்குள்ள எவ்ளோ உப்பு கீதோ, யாரு கண்டது? வாய மூடிக்கினு துன்னு," என்றார். இலையில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டு, "இன்னும் கீதா?" என்று அம்மாவைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபின் சொன்ன சொல் தவறாமல் சாப்பிட்டார். கால் வரவில்லை. ஆனால் தட்டு காலியாகத் திரும்பியது. கழுவப் போகும்போது அம்மா அதை ஒரு தரம் பார்த்துக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் மழை பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் சாம்பல் கொட்டுகிற இடத்தில் மல்லாட்டைச் செடிகள் கொத்தாக முளைத்திருந்தன. மலையிலிருந்து திரும்பின அன்று அம்மா அங்கே மடியிலிருந்து எதையோ வீசினதை நான் பார்த்திருந்தேன். நைனாவின் கட்டில் பின்வாசல் ஓரமாகத்தான் கிடந்தது. அவர் அந்தச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டு, "கோழி கிண்டிடும். நாலு முள்ளு வெச்சி மறைச்சி வுடு. அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காத," என்றார். நான் முள்ளை வைத்தேன். வெந்த மல்லாட்டை முளைக்காது என்பது எங்கள் ஊரில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் காக்கா கொண்டுவந்து போட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செடி பூ வைத்த சமயம் நைனாவுக்குக் காய்ச்சல் வந்தது, போய்விட்டார். முந்தின நாள்கூட ஒரு பிடி சோறு சாப்பிட்டார். அம்மா எத்தனையோ வருஷம் இருந்தாள். அவருக்குத் தெரியும் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அது எந்த மலை என்று நினைவில்லை. மாமாவும் இப்போது இல்லை. நாவலூரில் வேலை பார்க்கும் என் மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்டி ஒரு எடமே காட்டலையேம்மா," என்கிறான். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்னதெல்லாம் சரிதானா, ஊற்று இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். நாற்றத்தைப் பார்க்காமல் ஒரு விரல் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பு இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இல்லாவிட்டால் சொல்ல வேண்டாம்.