அந்த வெல்டிங் விட்டுப் போகவில்லை

நான்கு வருடங்களுக்கு முன், பெரம்பலூர் பக்கம் கேஸ் குழாய் பதிக்கும் வேலையில் தர ஆய்வாளராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் சரி என்று சொல்லும் இடத்தில் போய் நின்று, சரியில்லை என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், அதனால் பொருத்தமாகத்தான் இருந்தது.

அரியலூர் பக்கத்து ஆலை ஒன்றுக்குப் பெரிய குழாயிலிருந்து கிளை பிரிக்க வேண்டியிருந்தது. கிளை சின்னது என்றால் தாய்க்குழாயில் துளை போட்டு, அதன்மேல் பிட்டிங் என்கிற இணைப்புத் துண்டை வைத்து வெல்டிங் செய்துவிடலாம். இங்கே கிளையும் ஏறக்குறைய தாய்க்குழாய் அளவு. அவ்வளவு பெரிய ஓட்டையைக் குழாய் தாங்காது. அதற்கென்றே தடிமனாக, ஒரே துண்டாக 'T' வடிவில் செய்த டீ பிட்டிங் வேண்டும். வரைபடத்திலும் அதுதான் இருந்தது. ஆனால் அது வந்துசேர நாளாகும் என்றார்கள். மழை பிடித்துவிட்டால் அந்தக் கரிசல் மண்ணில் ஒரு வண்டியும் இறங்காது. துளை போட்டுக் கிளையை நேராக ஒட்டி, சுற்றிலும் ஒரு இரும்புப் பட்டை வைத்தால் போதும் என்றார் மேனேஜர். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சண்டை நாறியது. கடைசியில் என்னை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டு, வேறு ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்கி வேலையை முடித்துக்கொண்டார்.

வெல்டிங் செய்தவர் அரும்பாவூர்க்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் வேலையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒருமுறைகூட நான் குறை சொன்னதில்லை. அதில் எனக்கே உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்.

குழாயில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் அன்று நானும் போயிருந்தேன். எல்லோரும் குழியைச் சுற்றிப் பாதுகாப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றோம். அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நம்ம ஜாயிண்ட்டு ஓரத்துல ஈரம் தெரியுதே" என்றார் அவர்.

தன் வேலையில் ஈரம் என்றால் அவருக்குப் பொறுக்காது. போகாதீங்கண்ணே என்று நான் கத்துவதற்குள் கயிற்றைத் தாண்டிவிட்டார். வெடித்த சத்தத்தில் காது அடைத்துப்போனது. மண்ணும் தண்ணீருமாகக் குழியிலிருந்து பீறிட்டு அடித்தது. அவரைத் தூக்கி எறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் கதை தயாராகிவிட்டது. வெல்டிங் விட்டுப்போச்சு, அவர் வேலை சரியில்லை. எல்லோருக்கும் வசதியான கதை, செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லையே. மறுநாள் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். அவர் போட்ட வெல்டிங் சுற்றிலும் அப்படியே இருந்தது. அதை ஒட்டித் தாய்க்குழாய்தான் வாய் பிளந்து கிழிந்திருந்தது. படம் எடுத்தேன், பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். அத்தோடு எனக்கு அங்கே வேலை போயிற்று.

காரியம் முடிந்த பிறகு அரும்பாவூருக்குப் போனேன். அவர் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தன் கணவர் வேலையில்தான் கோளாறு என்று ஊரே பேசுகிறது, நிஜமா என்று கேட்டார். செல்போனில் இருந்த படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை விரலால் பெரிதாக்கி, கிழிந்த ஓரத்தைப் பார்த்தார்.

"தையல் பிரியலைங்க. துணிதான் கிழிஞ்சிருக்கு."

ஆமாம் என்றேன். அவருக்கு ஓர் ஆறுதலைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாக எனக்கு நிம்மதி. அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப அவரு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பே செய்யாமத்தான் செத்துப் போயிட்டாருங்களா?"

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன். இப்போதும் வேறு ஊர்களில் அதே வேலைதான் பார்க்கிறேன். சரியான பிட்டிங் வர நாளாகும், இப்போதைக்கு இதை வைத்து முடித்துவிடலாம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், பதில் சொல்லாமல் நான் எழுந்து வந்துவிட்ட அந்தக் கேள்வியை அவர்கள் யார் வீட்டுக்கோ அனுப்பிவைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.